யாரு எண்ணிப் பாத்தது?

(‘பிரபஞ்சத்தின் தோற்றம்: அறிவியலும் மதங்களும்’ என்ற தலைப்பில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் விண்மீன்களிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அவற்றுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கணக்குப் போடும் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த தோழர் ஒருவர், “சாதி ஒழிப்பு பேசற இடத்துல பிரபஞ்சம் எப்படித் தோன்றுச்சுங்கிறது எதுக்கு? நமக்குத் தரையிலேயே ஆயிரம் பிரச்சினை இருக்கே” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முயல்வதுதான் இன்றைய என் பேச்சு.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். ஊர்த் தெருவில் ஒரு பெருமாள் கோயில் உண்டு. உற்சவத்தின்போது தேர் எங்கள் காலனிக்கு வராது. ஆனால் சத்தம் வரும். கூம்பு ஸ்பீக்கர் ஒன்றை எங்கள் பக்கம் பார்த்துக் கட்டியிருப்பார்கள். எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். ஒருநாள் ராத்திரி அந்த ஸ்பீக்கரில் ஒருவர் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தார். ஆதியில் ஒரு மாபெரும் புருஷன் இருந்தான், அவன் முகத்திலிருந்து பிராமணர், தோளிலிருந்து சத்திரியர், தொடையிலிருந்து வைசியர், பாதத்திலிருந்து சூத்திரர் வந்தார்கள் என்றார். நான் திண்ணையில் படுத்திருந்த எங்கள் ஆயாவிடம் கேட்டேன்: “ஆயா, நாம எதுலருந்து வந்தோம்?”

எங்கள் ஆயா பிரசவம் பார்க்கிறவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கம் வருவதற்கு முன்னால் காலனியிலும் பார்த்திருக்கிறார், ஊர்த் தெருவிலும் பார்த்திருக்கிறார். ஊர்த் தெருவில் பின்வாசல் வழியாக உள்ளே போய், வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாகவே வெளியே வருவார். அவர் எழுந்துகூட உட்காரவில்லை. “நான் எத்தினி புள்ளய வாங்கியிருக்கேன். ஒண்ணுகூட மூஞ்சி வழியா வரல. தூங்குடி” என்றார்.

இந்தப் பதிலை நான் வெகுநாள் எங்கள் ஆயாவின் குசும்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதே பதிலுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் புருஷன் கதை. அது ரிக்வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் வரும் புருஷசூக்தம். நம்மில் பலர் அதைச் சாதியைப் பற்றிய பாட்டு என்று மட்டும் நினைக்கிறோம். அது பிரபஞ்சத் தோற்றத்தைப் பற்றிய பாட்டு. தேவர்கள் ஒரு புருஷனைப் பலியிடுகிறார்கள். அவன் மனத்திலிருந்து சந்திரன் வருகிறது, கண்ணிலிருந்து சூரியன், மூச்சிலிருந்து காற்று, தலையிலிருந்து வானம், பாதத்திலிருந்து பூமி. அதே பாட்டில், அதே உடம்பிலிருந்து நான்கு வருணங்களும் வருகின்றன.

சூரியன் எப்படி வந்தது என்று சொல்லும் வாயே யார் யாருக்குக் கீழே என்றும் சொல்லிவிடுகிறது. சூரியன் கிழக்கில் உதிப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும் என்று ஆகிவிடுகிறது. மனிதர்கள் செய்த ஓர் ஏற்பாட்டை இயற்கையின் கணக்கில் எழுதிவைக்கும் வேலை அது.

மனுஸ்மிருதியை எடுத்துப் பாருங்கள். அது சட்டப் புத்தகம். யார் யாருக்கு என்ன தண்டனை, யார் எதைத் தொடலாம் என்று சொல்லும் புத்தகம். அதன் முதல் அத்தியாயம் எதிலிருந்து தொடங்குகிறது? இருள், நீர், நீரில் ஒரு பொன் முட்டை, அதிலிருந்து பிரம்மா. பிரபஞ்சத் தோற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதே அத்தியாயத்தில் வாய், தோள், தொடை, பாதம் வந்துவிடுகிறது. சூத்திரனுக்கு விதித்த ஒரே வேலை மற்ற மூவருக்கும் ஏவல் செய்வது என்பதும் வந்துவிடுகிறது. ஒரு தண்டனைச் சட்டத்துக்கு முன்னுரையாகப் பிரபஞ்சம் ஏன் தேவைப்பட்டது? அரசன் போட்ட சட்டம் என்றால் இன்னொரு அரசன் மாற்றலாம். பிரபஞ்சம் உண்டானபோதே உண்டான சட்டம் என்றால் யார் மாற்றுவது?

அண்ணல் அம்பேத்கர் 1946இல் வெளியிட்ட ‘சூத்திரர்கள் யார்?’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே புருஷசூக்தத்தை எடுத்துக்கொள்வது இதனால்தான். உலகம் எப்படி வந்தது என்ற கதை எல்லாச் சமூகத்திலும் உண்டு; ஆனால் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் வகுப்புப் பிரிவினையையே படைப்பின் பகுதியாக்கிப் புனிதப்படுத்தியது இங்கேதான் நடந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். பாதம் என்று சொன்னால் இழிவா, பாதம்தானே உடம்பைத் தாங்குகிறது என்று இன்று சமாதானம் சொல்வார்கள். சரி, தாங்கட்டும். நான் சிறுமியாகக் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த உடம்பில் எங்கள் தெரு எங்கே? நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பிரபஞ்சத்தில் பாதம்கூட இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே பத்தாவது மண்டலத்தில் நாசதீய சூக்தம் என்று இன்னொரு பாட்டும் இருக்கிறது. இல்லாததும் இல்லை, இருப்பதும் இல்லை என்ற நிலையிலிருந்து தொடங்கி, இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும், மேலே இருந்து பார்ப்பவனுக்காவது தெரியுமா, ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று ஐயத்தில் முடிகிற பாட்டு. வானியலாளர் கார்ல் சேகன்கூட அதைப் பாராட்டியிருக்கிறார். நானும் பாராட்டுகிறேன். அழகான ஐயம்.

ஆனால் சட்டப் புத்தகத்துக்குள் போனது அந்த ஐயம் இல்லை. கோயில் திருமஞ்சனத்தின்போது இன்றும் ஓதப்படுவது புருஷசூக்தம். இன்னொன்று, அந்த ஐயத்தையாவது யார் கேட்க முடிந்தது? வேதம் ஓதுவதைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். ஒரு சிலர் மட்டும் பட வேண்டிய சந்தேகம் என்று ஒன்று இருந்தால், ஊருக்கு அதனால் என்ன பயன்?

மற்ற மதங்களுக்கு வருவோம். ஆதியாகமத்தில் ஆறு நாள் படைப்பு. ஆதாம், ஏவாள் என்று எல்லோருக்கும் ஒரே பெற்றோர். அந்தக் கதையை இரண்டு விதமாகவும் படித்திருக்கிறார்கள். 1381இல் இங்கிலாந்தில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, நாமெல்லாம் ஆதாமின் பிள்ளைகள் என்றால் பிரபு எங்கிருந்து வந்தான் என்ற பொருளில் கேட்டார் ஜான் பால் என்ற பாதிரியார். அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆதியாகமத்தில் நோவா தன் பேரன் கானானைச் சபிக்கும் கதையை எடுத்து, கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பது கடவுளின் ஏற்பாடு என்று அமெரிக்கப் பண்ணை முதலாளிகள் பேசினார்கள். ஆக, தோற்றக் கதைகள் எங்கேயும் சும்மா இருப்பதில்லை. நிலம் யாருக்கு, வேலை யாருக்கு என்ற வழக்கில் அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது எங்கள் ஆயாவின் பதிலுக்கு வருகிறேன். பாலி மொழித் திரிபிடகத்தில், தீக நிகாயத்தின் 27ஆவது சுத்தம் அக்கஞ்ஞ சுத்தம். பிராமணக் குடும்பத்தில் பிறந்து புத்தரிடம் வந்த வாசெட்டன், பாரத்வாஜன் என்ற இருவர், தங்கள் ஆட்கள் தங்களை எப்படி ஏசுகிறார்கள் என்று சொல்கிறார்கள்: பிரம்மாவின் வாயில் பிறந்த நீங்கள் பாதத்தில் பிறந்தவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டீர்களே என்று. அதற்குப் புத்தர் சொல்லும் பதிலின் சாரம் இது: பிராமணப் பெண்களுக்கும் மாதவிலக்கு வருகிறது, அவர்களும் கருவுறுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பால் கொடுக்கிறார்கள். எல்லோரையும் போல வயிற்றில் பிறந்துவிட்டு, பிரம்மாவின் வாயில் பிறந்தோம் என்கிறார்களே. 1873இல் மகாத்மா பூலே ‘குலாம்கிரி’யில் இதே கேள்வியை இன்னும் காரமாகக் கேட்டார். எங்கள் ஆயா திரிபிடகமும் படிக்கவில்லை, பூலேவையும் படிக்கவில்லை. அவர் பிரசவம் பார்த்தவர், அவ்வளவுதான். பார்த்ததை வைத்துச் சொன்னார்.

இந்த ‘பார்த்ததை வைத்துச் சொல்வது’ என்பதைப் பிடித்துக்கொண்டு அறிவியலுக்குப் போவோம்.

பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள் என்று இன்று சொல்கிறோம். இதை யாரும் தியானத்தில் கண்டுபிடிக்கவில்லை. ஹார்வர்டு வானாய்வகத்தில் மணிக்கு இத்தனை சென்ட் என்று கூலிக்குக் கண்ணாடித் தகடுகளை அளந்துகொண்டிருந்த பெண்களில் ஒருவர் ஹென்ரியேட்டா லெவிட். சிலவகை விண்மீன்கள் மங்கி மங்கி ஒளிரும் கால அளவுக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு இருப்பதை அவர் 1912இல் காட்டினார். வானத்தை அளக்க ஒரு முழக்கோல் கிடைத்தது. அந்த முழக்கோலை வைத்து எட்வின் ஹபிள், தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகிப் போகின்றன என்று 1929இல் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர். ஐன்ஸ்டைனே அப்போது அதை ஏற்கவில்லை. விரிகிறது என்றால், காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் நெருங்கி, அடர்ந்து, சூடாக இருந்திருக்க வேண்டும்.

இருந்திருக்க வேண்டும் என்று சொன்னால் போதுமா? அந்தச் சூட்டின் மிச்சம் எங்கே? ஐந்து டிகிரி கெல்வின் அளவில் ஒரு மிச்சம் இருக்க வேண்டும் என்று 1948இல் ஆல்ஃபர், ஹெர்மன் என்ற இருவர் கணித்தார்கள். அதை யாரும் தேடவில்லை. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் இருவரும் ஒரு பெரிய கொம்பு வடிவ ஆன்டெனாவில் வேலை செய்தபோது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல். ஆன்டெனாவுக்குள் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. எச்சத்தால் வரும் இரைச்சலோ என்று சந்தேகப்பட்டுப் புறாக்களைப் பிடித்து அனுப்பிவிட்டு எச்சத்தையும் சுத்தம் செய்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் முதல் ஒளி. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டு, வழியெல்லாம் குளிர்ந்து, இன்று 2.7 கெல்வினில் வந்து சேர்கிறது.

நம்மில் சிலர் அதைப் பார்த்தும் இருக்கிறோம். அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சேனல் கிடைக்காத இடத்தில் திரை முழுக்க எறும்பு ஓடுமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த எறும்புகளில் நூற்றில் ஒரு பங்கு இந்த ஆதி ஒளியால் வருவது. தேர் வராத தெருவுக்கும் அது வந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒரு கதை. லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அதனாலேயே பலருக்கு அவர் கோட்பாட்டின் மேல் சந்தேகம்: ஆதியாகமத்தைக் கணக்கில் எழுதிக் கொண்டுவந்துவிட்டாரோ என்று. 1951 நவம்பர் 22 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ், ஆதியில் ஒளி உண்டான படைப்புக்கு நவீன அறிவியலே சாட்சி சொல்கிறது என்ற பொருளில் உரையாற்றினார். ஒரு பாதிரியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மத, தத்துவக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் அதைச் சோதிக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. வேண்டியவர்கள் மூலம் தன் கவலையைத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் போப் பேசியபோது அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம் ஃபிரெட் ஹாயில். நாத்திகர், பெரிய இயற்பியலாளர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்றாலே அதில் படைப்பு வாடை அடிக்கிறது என்று அவருக்கு எரிச்சல். தொடக்கமே இல்லாத மாறா நிலைக் கோட்பாட்டை 1948இல் வேறு இருவரோடு சேர்ந்து முன்வைத்தார். ‘பிக் பேங்’ என்ற பெயரையே 1949இல் பி.பி.சி. வானொலியில் எதிரணியைக் குறிக்க அவர் சொன்னதுதான். கடைசியில் சான்று யார் பக்கம் வந்தது? பாதிரியார் பக்கம். 1966இல் சாகக் கிடந்த லெமைத்ரிடம் அந்த ஆதி ஒளி கிடைத்துவிட்டது என்ற செய்தியைச் சொன்னார்கள்.

முற்போக்காளர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் கொள்கை சரியாக இருப்பதால் நம் கணக்கு சரியாகிவிடாது. எதிராளியின் கணக்கு சரியென்பதால் அவர் கொள்கை சரியாகிவிடுவதும் இல்லை. ‘பிக் பேங் நிரூபித்துவிட்டது, அதனால் கடவுள் இல்லை’ என்று மேடையில் முழங்கும் தோழர்களுக்கும் இதைச் சொல்கிறேன். பெருவெடிப்பு என்பது, மிகச் சூடாக இருந்த பிரபஞ்சம் எப்படி விரிந்து குளிர்ந்தது என்பதன் வரலாறு. அந்த முதல் கணத்துக்கு நாம் கணக்கை ஓட்டும்போது நம் சமன்பாடுகள் உடைந்துபோகின்றன. அதற்கு முன் என்ன, ‘முன்’ என்று ஒன்று இருந்ததா என்பது இன்னும் தெரியாது. பிரபஞ்சத்தில் இருப்பதில் சுமார் 95 விழுக்காடு கரும்பொருளும் கரும் ஆற்றலும். அவை என்னவென்று தெரியாது. விரியும் வேகத்தை இரண்டு வழியில் அளந்தால் ஒன்றில் 67, இன்னொன்றில் 73 என்று வருகிறது. எது சரி என்று இன்றும் சண்டை நடக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதலாம். அதற்காக யார் காதிலும் ஈயம் ஊற்ற மாட்டார்கள்.

இனி நான் மேடைதோறும் சொல்ல விரும்பும் மனிதர், மேகநாத் சாகா. 1893இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தாழ்ந்ததாக நடத்தப்பட்ட சாதியில், சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிக்காக வேறு ஊரில் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்தபோது, தன் தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. கல்கத்தாவில் கல்லூரி விடுதியில் அவரோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று உயர்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். சரஸ்வதி பூசையில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த மனிதர் 1920இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். விண்மீனின் சூட்டில் அணுக்கள் எந்த அளவுக்கு எலக்ட்ரான்களை இழக்கும் என்று சொல்லும் சமன்பாடு. அதுவரை விண்மீன்களின் நிறமாலையில் தெரிந்த கோடுகளைப் படிக்கத் தெரியாமல் தவித்தார்கள். சாகாவின் சமன்பாடு அதற்கு அரிச்சுவடி ஆனது. அதை வைத்து செசிலியா பெய்ன் என்ற இளம் ஆய்வாளர் 1925இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டார். பெண்களுக்குப் பட்டம் கொடுக்காத கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் அவர். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல், இது இருக்க முடியாது என்றார். இந்த முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து ரஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

தட்டைத் தனியே கழுவச் சொல்லப்பட்டவரின் சமன்பாடு, பட்டம் மறுக்கப்பட்டவரின் கை, இரண்டும் சேர்ந்துதான் சூரியன் எதனால் ஆனது என்று சொல்லின. அது புருஷனின் கண்ணால் ஆனதல்ல, ஹைட்ரஜனால் ஆனது. என் ஆய்வில் ஒரு நாளும் சாகா சமன்பாட்டைத் தொடாமல் போவதில்லை.

சாகா வாழ்வில் இன்னொரு சம்பவம் உண்டு. வெளிநாடு போய்த் திரும்பிய அவரிடம் டாக்கா வக்கீல் ஒருவர், என்ன கண்டுபிடித்தாய் என்று விசாரித்தார். சாகா ஆர்வமாக விளக்க விளக்க, இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்று வக்கீல் சொல்லிக்கொண்டே இருந்தார். வேதத்தில் எந்த இடத்தில் என்று சாகா கேட்டார். நான் படித்ததில்லை, ஆனால் இருக்கும் என்றார் வக்கீல். அதன்பின் சாகா ஆண்டுக்கணக்கில் அந்த நூல்களைப் படித்துப் பார்த்தார். தேடியது கிடைக்கவில்லை என்று 1930களின் இறுதியில் ‘பாரதவர்ஷ’ என்ற வங்க இதழில் எழுதினார்.

அந்த வக்கீலை நானும் சந்தித்தேன். ஆய்வில் சேர்ந்த முதல் வருடம், நான் இருந்த நிறுவனத்தில் ஒரு சிறப்புரை. பேச வந்தவர் புருஷசூக்தம்தான் பெருவெடிப்பு என்றார். ஆயிரம் தலை என்பது ஆற்றல், பலி என்பது விரிவு என்று படம் போட்டுக் காட்டினார். நிறமாலையும் சமன்பாடும் அறிந்த பேராசிரியர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வருணம் வரும் வரியை மட்டும் அவர் தாண்டிப் போனார். நான் கை தூக்க நினைத்தேன். முன்வரிசையில் என் நெறியாளர் இருந்தார். என் பதிவு உறுதியாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. கை மேலே வரவில்லை. அப்புறம் டீ குடிக்கும்போது மூத்தவர் ஒருவர் அன்பாகவே கேட்டார்: “எந்த ஊரும்மா? ஊர்ல எந்தப் பக்கம்?” நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது.

அன்று கேட்காமல் விட்டதை ஏழு வருடம் கழித்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாம் எல்லோரும் விண்மீன் தூசு, அதனால் சமம் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். நம் உடம்பின் அணுக்களில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன், அது ஆதியில் உண்டானது; ரத்தத்தில் ஓடும் இரும்பு விண்மீன்களில் வெந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த அரங்கில் தலையாட்டியவர்களுக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். ஆயுத பூசை அன்று நிறமாலைமானிக்குச் சந்தனம் வைப்பதும், அதே அறையைக் கூட்டுகிற அக்காவுக்குத் தனி டம்ளர் வைப்பதும் இதைத் தெரிந்தவர்கள்தான். ஹைட்ரஜன் நமக்குச் சமத்துவத்தைக் கொண்டுவந்து தராது. சமத்துவத்துக்குப் பிரபஞ்சத்தின் அனுமதி தேவையும் இல்லை. அது மனிதர்கள் முடிவுசெய்து, சட்டம் எழுதி, சண்டை போட்டு நிலைநிறுத்த வேண்டிய விஷயம். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதியை எரித்தவர்கள் ஹைட்ரஜன் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

அப்படியென்றால் அறிவியல் நமக்கு எதற்கு? எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் எங்கள் ஆயாதான். ஒருமுறை போனில், “ஆயா, இந்த ஒலகம், வானம் எல்லாம் தோணி ஆயிரத்து முந்நூத்தி எம்பது கோடி வருசம் ஆச்சு” என்றேன்.

“யாரு எண்ணிப் பாத்தது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. அன்று அரங்கில் நான் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். கூம்பு ஸ்பீக்கரைப் பார்த்து எங்கள் தெரு கேட்டிருக்க வேண்டியதும் இதைத்தான். முகத்திலிருந்து வந்ததை யார் பார்த்தது? யார் எழுதியது? எழுதியவன் எந்தத் தெரு? அறிவியலிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்க வேண்டும். அது உட்கார்ந்து பதில் சொல்லக் கடமைப்பட்டது. நான் சொன்னேன். ரயில் கிட்டே வரும்போது ஒரு சத்தம், தாண்டிப் போகும்போது ஒரு சத்தம் கேட்கிறதே, அதுபோல ஒளியிலும் உண்டு; அதை வைத்து எல்லாம் விலகி ஓடுவதைக் கண்டுபிடித்தோம் என்றேன்.

“ஓடறத வெச்சி எப்பக் கெளம்புச்சின்னு பாத்தீங்க. சரி. அதுக்கு முன்னால?”

“தெரியாது ஆயா.”

“தெரியாதுன்னு சொல்லவா இத்தினி வருசம் படிக்கிற?”

ஆமாம், ஆயா. தெரியாது என்று பயமில்லாமல் சொல்லவும், தெரியும் என்கிறவனை எப்படித் தெரியும் என்று கேட்கவும்தான் படிக்கிறேன்.

தோழரின் கேள்விக்கு இதுதான் என் பதில். எண்ணும் இடத்தில் நாம் இல்லாதவரை, நமக்கும் சேர்த்து யாரோ எண்ணுவார்கள். நம்மை எந்த இடத்தில் வைப்பது என்பதையும் அவர்களே எழுதுவார்கள். அடுத்த அமாவாசைக்கு எங்கள் காலனிப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஒரு சின்னத் தொலைநோக்கியைக் கொண்டுபோகிறேன். ஆயாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, முதலில் அவர்தான் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறார். வர முடிந்தவர்கள் வாருங்கள். ஊர்த் தெருப் பிள்ளைகளும் வரலாம். முன்வாசல் வழியாகவே வரலாம்.